ஆள் கொடுத்தால் பணம் வாபஸ்

புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து மேலே வருகிற நேரம் பார்த்துத்தான் நல்லுசாமி அந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்தான். நல்ல செய்தி என்றால் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சொல்லிவிடுகிற ஆள். கெட்ட செய்தி என்றால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவான், முகம் கழுவுவான், சம்பந்தமே இல்லாமல் மகளைக் கூப்பிட்டு எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வான். அன்றைக்கு வளர்மதி ஏழெட்டு ஐம்பத்தாறு வரைக்கும் வந்துவிட்டாள். தங்கமணி கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னான்னு சொல்லிப்புடுங்க," என்றாள்.

"டூரு நமக்கு இல்ல தங்கமணி. ஷட்டவுன்ல நான் உள்ள இருக்கணுமாம்."

ஷட்டவுன் என்பது ஓசூர்க் கம்பெனிக்காரர்களுக்குத் தீபாவளி மாதிரி. வருஷத்துக்கு ஒரு வாரம் கம்பெனியை இழுத்து மூடி எல்லாருக்கும் ஒன்றாக லீவு கொடுத்துவிடுவார்கள். வழக்கமாக டிசம்பரில் வருவது, அந்த வருஷம் கரண்ட் கட் தாங்காமல் மே மாதத்துக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூட லீவும் கூடவே வர, கேண்டீன் ஸ்டோரில் இருக்கும் வெள்ளைச்சாமி சும்மா இருப்பாரா? ஒரு டூரிஸ்ட் பஸ்ஸைப் பேசி, மங்களூர், மல்பே, உடுப்பி, கொல்லூர் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். நல்லுசாமி பொங்கல் முடிந்த கையோடு இரண்டு முழு சீட்டும் மகளுக்கு ஒரு அரை சீட்டும் போட்டுப் பணத்தைக் கட்டினான். அப்போது அவன் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். மார்ச் மாதம் அவனை மெயின்டனன்ஸுக்கு மாற்றினார்கள். நைட் ஷிப்ட் கிடையாது, கையில் எப்போதும் ஸ்பேனர், மற்றவர்கள் "ஃபிட்டரே" என்று கூப்பிடுகிற மரியாதை. தங்கமணி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

உடைத்த தேங்காயைத் திருப்பி வாங்க முடியாது. கம்பெனி மூடியிருக்கும்போதுதான் மெஷின்களைப் பிரித்து ரிப்பேர் பார்க்க முடியும். பார்ப்பது யார்? மெயின்டனன்ஸ்காரன்தான். இது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் நல்லுசாமிக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷமும் ஷட்டவுன் என்றால் அவனுக்கு லீவு. பூட்டிக் கிடக்கிற கம்பெனிக்குள் யாரோ வேலை செய்கிறார்கள் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது அந்த யாரோ அவனாகிப்போனான்.

தங்கமணி அடுப்பை அணைத்தாள். அழவில்லை. முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மத்திகிரி லைன் வீட்டுக்கு வந்து பத்து வருஷம். வந்த பிறகு அவள் கண்ணில் பட்டதெல்லாம் ஊருக்குப் போகிற பஸ்ஸின் ஜன்னலில் தெரிகிற கிருஷ்ணகிரி மலையும் சேலம் பஸ் ஸ்டாண்டும்தான். வெள்ளைச்சாமி ஊட்டிக்குப் பஸ் விட்ட வருஷம் நல்லுசாமியின் தம்பிக்குக் கல்யாணம் வந்தது. கொடைக்கானல் வருஷம் வளர்மதிக்கு அம்மை போட்டது. இரண்டு தடவையும் போய்விட்டு வந்தவர்கள் பாவம் பார்த்து ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊட்டி வர்க்கியைத் தின்னும்போது அவளுக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. முப்பது வயதாகிறது, இன்னும் கடலைப் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்த்தே தீர வேண்டும் என்று இருந்தாள். அதனால்தான் பஸ் கிளம்ப இன்னும் நாள் கிடக்கும்போதே பஸ்ஸுக்கே போதுமான புளிக்காய்ச்சலைக் கிளறிக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி பஸ்ஸில் வீட்டுக்கு ஒரு பண்டம் என்று கணக்கு உண்டு. ஒரு வீட்டில் ஊறுகாய், ஒரு வீட்டில் முறுக்கு. தங்கமணி வீட்டுக்குப் புளிக்காய்ச்சல் விழுந்திருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வர்றோமே?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"ஆம்பளத் துணை இல்லாமயா? வேற வேலை இல்ல. ஊரு என்னா பேசும்?"

"பஸ்ஸுல அத்தினி பேரு இருக்காங்களே."

"அத்தினி பேரும்தான் பேசுவான்." பிறகு அவனே கொஞ்சம் இறங்கி வந்தான். "கவலைப்படாத. பணம் போவாது. தலைக்கு இவ்வளவுன்னு இன்சூரன்ஸ் வாங்குனாருல்ல வெள்ளைச்சாமி அண்ணன்? மெஷின் பிரேக்டவுன் ஆனா கம்பெனிக்கு இன்சூரன்ஸ்காரன் குடுக்குறான். நம்ம டூரு பிரேக்டவுன் ஆயிருச்சு, நமக்குக் குடுப்பான். அதை வாங்கி ஒரு ஸ்டீல் பீரோவுக்கு அட்வான்ஸ் குடுத்துருவோம். நீயும் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்க."

"பீரோவைத் தொறந்தா உள்ள கடலா தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவள் புளிக்காய்ச்சலை டின்னில் அள்ளிப் போட ஆரம்பித்தாள். அள்ளிய வேகத்தில் பாதி தரையில் சிந்தியது.

மறுநாள் வெள்ளைச்சாமி வீட்டுக்கு அவள்தான் போக வேண்டி வந்தது. நல்லுசாமி ஷட்டவுனுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எடுத்து வைக்கிறேன் என்று விடியற்காலையே போய்விட்டான். சொல்லக் கூச்சப்படுகிற விஷயத்துக்கெல்லாம் பெண்டாட்டியை அனுப்புவது அவன் வழக்கம். வெள்ளைச்சாமி சிவகங்கைப் பக்கத்து மனுஷர். பேச்சு வெல்லமாக இருக்கும், பணம் மட்டும் கையை விட்டு வராது.

"இன்சூரன்ஸா? அது விபத்துக்குல்ல தாயி," என்றார் நிதானமாக. "நாம போகணும். போயி, பஸ்ஸு கவுந்து, கை கால் போனா இம்புட்டு, ஆளே போனா இம்புட்டுன்னு குடுப்பான். வீட்டுல காலை நீட்டி ஒக்காந்திருக்கவுகளுக்கு எவன் குடுப்பான்?"

"அப்ப போயிச் செத்தாத்தான் காசு. போகலைன்னா கெடையாது."

"அப்பிடிச் சொல்லப்படாது தாயி. வெளங்காமப் போயிரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அதேன்," என்றார்.

"எங்க பணம்?"

"பஸ்ஸுக்குக் கட்டியாச்சு, சத்திரத்துக்குக் கட்டியாச்சு. எங்கிட்ட ஒரே சட்டந்தேன், நோட்டீஸ்லயே போட்டிருக்கேன், பாக்கலையா? ஆள் கொடுத்தால் பணம் வாபஸ். கேன்சல் பண்றவுக அந்தச் சீட்டுக்கு வேற ஆளைக் கொண்டாந்து ஏத்தணும். ஏத்தினா பணத்தை அவுககிட்ட வாங்கி உங்ககிட்டக் குடுத்துருவேன். இல்லாட்டி சீட்டும் காலியாப் போகும், பணமும் அதுகூடப் போயிரும். பெரிய ஆபீசரா இருந்தாலும் இதான் சட்டம்." அவள் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து, "புளிக்காய்ச்சல் கிண்டிட்டிகளா? அந்த டின்னும் சீட்டோட போகணும் தாயி, மறந்துறாதிக," என்றார்.

ஆக, போகாத டூருக்கு அவளே ஏஜென்ட் ஆனாள். வயிற்றெரிச்சலைப் பாருங்கள். தனக்குக் கிடைக்காத சோற்றை ருசியாக இருக்கிறது என்று கூவி விற்க வேண்டும். நல்லுசாமி ராத்திரி வந்து, "யாராச்சும் மாட்டுனாங்களா?" என்று மட்டும் கேட்டான். அவளுக்கு அவன் தலையில் டின்னைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

முதலில் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாளைக் கேட்டாள். அவள் புருஷனுக்கு மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை. சரோஜம்மாள் பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் சிரித்தாள். "அய்யோ ராமா, எங்கம்மா போறது? பண்ணையில நெறமாசப் பசுங்க எத்தினி நிக்குது தெரியுமா? கம்பெனிக்கு ஷட்டவுன் உண்டு, பசுமாட்டுக்கு உண்டா?" அடுத்த தெருவில் கேட்டாள். ஒரு வீட்டில் சீமந்தம், ஒரு வீட்டில் சாவுத் தீட்டு. பேருந்து என்றாலே வாந்தி என்றாள் ஒருத்தி. வெயில் மண்டையைப் பிளந்தது. யாராவது சரி என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே கேட்டாள், இல்லை என்று சொன்னபோது பணம் போகிறதே என்று பதறினாள். நின்றால் நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை. தைத்து வாங்கி வைத்த வளர்மதியின் புதுப் பாவாடையை எடுத்தாள், மடித்தாள், மறுபடி எடுத்தாள்.

கடைசியில் ஹமீதுன்னிசாவிடம் போய் நின்றாள். ஹமீதுன்னிசா வீடு மெயின் ரோட்டை ஒட்டி. புருஷன் மெஹபூப் பாஷா, சிப்காட் கம்பெனிகளில் காலி பேரல்களும் பழைய டின்களும் எடுத்துக் கழுவி விற்கிற வியாபாரி. வாசல் முழுக்கப் பேரல்கள் நிற்கும், ஆயில் வாடை வீசும். வளர்மதியும் அவர்கள் மகள் வஜிஹாவும் ஒரே பள்ளிக்கூடம் என்பதால் இரண்டு பெண்களுக்கும் வாசலில் நின்று பேசுகிற அளவுக்குப் பழக்கம்.

"கடலா? நான் பாத்ததே இல்லக்கா," என்றாள் ஹமீதுன்னிசா. "எப்புடி இருக்கும்?"

தங்கமணி வாயைத் திறந்தாள். போய் வந்தவர்கள் அள்ளிவிட்ட கதைகளையெல்லாம் இத்தனை வருஷமாக மனசுக்குள் போட்டு வைத்திருந்தாள் அல்லவா, அவை அவளுடையதாகவே வெளியே வந்தன.

"மொதல்ல காத்து வரும். மலை எறங்குறப்பவே மூஞ்சில வந்து ஒட்டும். ஒதட்ட நக்குனா உப்புக் கரிக்கும். கடல் இன்னும் கண்ணுக்கே தெரியாது, ஆனா சத்தம் கேக்கும். அப்பறம் தெரியும் பாரு, அந்தப் பக்கம் கரையே இருக்காது. பாக்கப் பாக்க நமக்குள்ள இருக்கறதெல்லாம் ஒண்ணுமில்லன்னு ஆயிரும். தண்ணியில நின்னா அலை வந்துட்டுத் திரும்பிப் போறப்ப காலுக்கு அடியில இருக்குற மண்ணையும் சேத்து இழுத்துட்டுப் போவும். கூச்சமா இருக்கும், விழுந்துருவோம்னு இருக்கும். ஆனா விழ மாட்டோம்."

சொல்லச் சொல்ல அவளுக்கே மூச்சு வாங்கியது. உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்து நாற்றம் வந்த பிறகுதான் ஹமீதுன்னிசா ஓடினாள்.

அன்று சாயங்காலமே மெஹபூப் பாஷா ஒத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து பேரலைத் தவிர எதையும் காட்டவில்லை என்று மனைவி பிடித்த பிடியில் அவரால் தப்ப முடியவில்லை. இரண்டு முழு சீட்டு, வஜிஹாவுக்கு ஒரு அரை. அளந்து தைத்த மாதிரிப் பொருந்தியது. நல்லுசாமி பீரோ பார்க்க டவுனுக்குப் போய்விட்டு வந்து, கண்ணாடி வைத்தது நல்லதா வைக்காதது நல்லதா என்று கேட்டான். தங்கமணி டின்னை மூலைக்குத் தள்ளினாள். ஹமீதுன்னிசாவின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? இருந்தாலும் வந்தது. தன் வாயாலேயே தன் கடலைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தவளுக்கு வேறு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

பஸ் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது ஹமீதுன்னிசா வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவரு வரலியாம்க்கா. ஷட்டவுன் டிசம்பர்லன்னு நெனச்சுக்கினு இருந்தாராம். இந்த வருஷம் இப்பவேன்னு இன்னிக்கு ஸ்டோர்ல சொல்லி அனுப்பிச்சிருக்காங்க. ஷட்டவுன்லதான் ஆயில் டேங்க் எல்லாம் காலி பண்ணுவாங்களாம், வருஷத்துப் பேரலும் அப்பதான் வெளிய வருமாம். அவரு போவலின்னா வேற ஆளு தூக்கிக்கினு பூடுவானாம். நமக்கு சீசனே அதுதான், டூரு ஆவாதுன்றாரு."

"எந்தக் கம்பெனி?"

"உங்க வூட்டுக்காரரு கம்பெனிதான்."

தங்கமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத, நல்லதில்லாத சிரிப்பு. ஊருக்கெல்லாம் லீவு விடுகிற ஷட்டவுன், சரியாக இந்த இரண்டு ஆம்பிளைகளை மட்டும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டது. ஹமீதுன்னிசா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

"நீ வர்றியா?" என்றாள் தங்கமணி.

"யாரு கூட?"

"என் கூட. எங்கவரு சீட்டுல நீ உக்காரு. எஞ்சீட்டு எனக்கு. அரை சீட்டுல புள்ளைங்க ரெண்டும் இடிச்சுக்கிட்டு உக்காரட்டும்."

"எங்கூட்டுக்காரரு வுட மாட்டாருக்கா."

"எங்கவரும்தான் விட மாட்டாரு."

ஹமீதுன்னிசாதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். "உங்க வூட்டுக்காரரு ஒத்துக்கினாருன்னு சொன்னா, எங்கூட்டுக்காரரு ஒத்துக்குவாரு. ஃபிட்டரு மேல அவருக்கு ரொம்ப மரியாதை."

"பாயி ஒத்துக்கிட்டாருன்னு சொன்னா எங்கவரும் ஒத்துக்குவாரு," என்றாள் தங்கமணி. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. புருஷனிடம் கோபத்தைக்கூட நேராகச் சொல்லிப் பழகியவள். ஆனால் அந்த நேரத்தில் கடலை விட்டுக்கொடுக்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

அன்றைக்கே இரண்டு வீட்டிலும் ஒரே பொய் ஒரே நேரத்தில் அரங்கேறியது. நல்லுசாமி சோற்றில் கையை வைத்தபடி நிமிர்ந்தான்.

"பாயே சம்சாரத்தைத் தனியா அனுப்புறாரா?"

"தனியா என்னா, என்னை நம்பித்தான் அனுப்புறாரு. நீங்கதான் என்னை நம்ப மாட்டேங்கறீங்க."

அவன் ஒரு கவளம் சாப்பிட்டான். இன்னொரு கவளம். பிறகு, "அப்ப நான் மட்டும் பட்டிக்காட்டானா? போயிட்டு வாங்க," என்றான். ஒரு சீட்டுப் பணம் பாஷா வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது, பீரோவுக்குப் பதிலாக அவன் ஒரு மேஜை ஃபேன் வாங்கிக்கொண்டான். அந்த வீட்டில் "ஃபிட்டரே அனுப்புறாரா?" என்று கேட்டு, இதே மாதிரி மெஹபூப் பாஷாவும் தலையாட்டினார் என்று ஹமீதுன்னிசா மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் கிசுகிசுத்தாள். வெள்ளைச்சாமி மட்டும் அரை சீட்டில் இரண்டு பிள்ளையா என்று முனகினார். டின்னைத் திறந்து ஒரு விரல் புளிக்காய்ச்சலை நக்கிப் பார்த்த பிறகு முனகலை நிறுத்திக்கொண்டார்.

நடுவில் இருந்த நாட்களில் தங்கமணிக்குச் சோறு இறங்கவில்லை. நல்லுசாமியும் பாஷாவும் எங்கே சந்தித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு மணி நேரமும் செத்துப் பிழைத்தாள். டீக்கடை, பஸ் ஸ்டாப், மார்க்கெட் என்று ஊரில் இருக்கிற இடமெல்லாம் அவளுக்குப் பகையாகத் தெரிந்தது. நல்லுசாமி வெற்றிலை வாங்கப் போகிறேன் என்றால், "நான் போறேன் நான் போறேன்" என்று ஓடினாள். நல்லவேளை, அவன் ஸ்பேர் பார்ட்ஸிலேயே முழுகிக் கிடந்தான். ஒரே ஒரு இடத்தை அவள் மறந்துபோனாள். ஷட்டவுன் ஆரம்பிக்கிற நாள் கம்பெனியிலேயே இரண்டு பேரும் இருப்பார்கள், ஒருத்தன் டேங்கைக் காலி செய்ய, ஒருத்தர் பேரலைத் தூக்க. அதே நாள் சாயங்காலம்தான் பஸ்.

மத்திகிரி கூட்டு ரோட்டில் பஸ் நின்றது. முன்னால் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். மேலே அடுப்பும் அண்டாவும் ஏறின. தங்கமணி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் ஹமீதுன்னிசாவையும் முன்னால் ஒரே சீட்டில் இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்து, டின்னைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டாள். ஏன் இன்னும் எடுக்கவில்லை, ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. யாரோ ஒரு குடும்பத்துக்குப் படுக்கிற பாயை மறந்துவிட்டதாம், எடுக்க ஓடியிருந்தார்கள்.

அப்போதுதான் டவுன் பக்கமிருந்து ஒரு டெம்போ வந்தது. பின்னால் கட்டிய காலிப் பேரல்கள் ஒன்றோடொன்று மோதி ஊரையே எழுப்புகிற சத்தம். டிரைவருக்குப் பக்கத்திலிருந்து மெஹபூப் பாஷா இறங்கினார். அவருக்குப் பின்னால், முழங்கை வரைக்கும் கிரீஸோடு நல்லுசாமி.

"அக்கா," என்றாள் ஹமீதுன்னிசா.

நல்லுசாமி படியேறி நேராக வந்து நின்றான். பாஷா படியிலேயே நின்றுகொண்டார்.

"பாயி ஒத்துக்கிட்டாருன்னு சொன்னியே, எப்ப ஒத்துக்கிட்டாரு?"

"ஃபிட்டரு மொதல்ல சரின்னாருன்னு நீ சொன்னியேம்மா," என்று பாஷா படியிலிருந்தே தன் மனைவியைக் கேட்டார். அவர் குரலில் கோபத்தை விட மனவருத்தம்தான் அதிகம் இருந்தது. பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முறுக்குக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்கூட மெல்வதை நிறுத்தினார்.

"டேங்குக்குப் பக்கத்துல நின்னு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பெருமையாப் பேசிக்கிட்டு இருக்கோம். அப்பறந்தான் வெளங்குது," என்றான் நல்லுசாமி. "என்னை முட்டாளாக்கிட்ட. எறங்கு."

தங்கமணி டின் மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"பொய் சொன்னது தப்புதான்," என்றாள். "திரும்பி வந்தப்பறம் எவ்வளவு வேணாலும் திட்டுங்க, வாங்கிக்கறேன். எறங்க மாட்டேன்."

"எறங்குன்றேன்ல. இந்த டூரு கேன்சல்."

"கேன்சலா?"

"ஆமா, கேன்சல்."

"அப்ப ஆள் குடுங்க."

"என்னாது?"

"கேன்சல் பண்றவங்க ஆள் குடுக்கணும். அதான அண்ணன் சட்டம்? உங்க சீட்டைக் கேன்சல் பண்ணீங்க, வெயில்ல வீடு வீடா ஏறி எறங்கி நான் ஆள் குடுத்துட்டேன். இப்ப எஞ்சீட்டைக் கேன்சல் பண்றீங்க. நீங்க ஆள் குடுங்க. இவளுக்குத் தலை சீவணும், வாந்தி எடுத்தா ஏந்தணும், ராத்திரி கத சொல்லித் தூங்க வைக்கணும். எனக்குப் பதிலா யாரு வருவா? கூட்டிட்டு வந்து ஏத்துங்க, எறங்கிக்கறேன்." குரல் உடைந்துவிட்டது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. "பத்து வருஷமா எனக்குப் பதிலா ஆள் கெடைக்காமத்தாங்க நான் அந்த லைன் வீட்டுலயே கெடக்கேன்."

நல்லுசாமி திரும்பினான். முன் சீட்டைப் பார்த்தான், பின் சீட்டைப் பார்த்தான், ஆள் எங்காவது இருக்கிறார்களா என்று உண்மையாகவே தேடுகிற மாதிரி. வெள்ளைச்சாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சட்டம் சட்டந்தேன் தம்பி. பெரிய ஆபீசரா இருந்தாலும்," என்றார்.

பாஷா படியிலிருந்து ஏறி வந்தார். ஹமீதுன்னிசா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மகளின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார், கையில் ஆயில் இருந்ததால் முழுக்கையையும் வைக்கவில்லை. பாக்கெட்டிலிருந்து சில நோட்டுகளை எடுத்து மனைவியின் மடியில் வைத்தார்.

"ஃபிட்டரே," என்றார் நல்லுசாமியின் தோளைப் பிடித்து. "ஆள் கெடைக்காது. வாங்க, பேரல் எறக்கணும்."

இரண்டு பேரும் இறங்கினார்கள். சுருட்டின பாயோடு ஓடிவந்த குடும்பம் ஏறிக்கொண்டது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, பஸ் நகர்ந்தது. நல்லுசாமி ஜன்னலோடு கூடவே நடந்து வந்தான்.

"சாவி எங்க?"

"சரோஜம்மா வீட்டுல."

"சாப்பாட்டுக்கு?"

"ஜாடியில உங்களுக்குத் தனியாப் புளிக்காய்ச்சல் வெச்சிருக்கேன். சோறு வடிச்சுப் பெசைஞ்சுக்கங்க."

"சோறு வடிக்க எனக்குத் தெரியாதே!" பஸ் வேகம் பிடித்தது, அவன் இப்போது ஓடி வந்தான். நூறு டன் பிரஸ்ஸைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டுகிறவன். தங்கமணிக்கு அவன் மேல் பாவமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

"ஆள் பாருங்க," என்று கத்தினாள்.

ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்று கிளம்பியது. கடை போர்டுகளில் எழுத்து மாறிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் அரை சீட்டில் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிவிட்டன. ஹமீதுன்னிசா தங்கமணி பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, காலுக்கு அடியில மண்ணு போவும்னு சொன்னீங்களே. ரொம்ப பயமா இருக்குமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கடலையே பாத்ததில்ல."

ஹமீதுன்னிசா திரும்பி உட்கார்ந்தாள். "அப்ப அன்னிக்கு அவ்ளோ சொன்னீங்க?"

"பணம் வாபஸ் வாங்கறதுக்குச் சொன்னேன்," என்றாள் தங்கமணி. ஹமீதுன்னிசா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். தங்கமணியும் சிரித்தாள், சிரிப்பின் நடுவில் கண்ணில் தண்ணீர் வந்தபோது துடைத்துக்கொள்ளவில்லை. நாக்கை நீட்டி உதட்டை ஒரு தடவை நக்கிப் பார்த்தாள். உப்புக் கரித்தது. கடலுக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.